பெண்ணழைப்புக் காரும் இறங்கிய வோல்டேஜும்

ஏசியைப் போட்டால் வோல்டேஜ் இறங்குகிறது என்று ஒரு வண்டி வந்து நின்றால், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பானெட்டைத் தூக்குவீர்கள். மீட்டரை மாட்டுவீர்கள். நம்பரைப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவீர்கள். பிறகு ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டும் என்பீர்கள். தப்பில்லை, தொழில் கற்க வந்த பிள்ளைகளே. உதட்டைப் பிதுக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். வண்டிக்காரன் பர்ஸைத் தடவிப் பார்ப்பான்.

உங்கள் மீட்டர் நல்ல மீட்டர்தான். ஆனால் அந்த வண்டி எங்கே போகப் போகிறது, உள்ளே யார் உட்காரப் போகிறார்கள் என்பதை அது சொல்லாது. அதை நாம்தான் வாயைத் திறந்து கேட்க வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்பதால் இந்தத் தொழில் எனக்கு ஒத்துவந்தது.

அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்தில் எங்கள் கடை இருந்தது. செல்ஃப், டைனமோ, ஆல்டர்னேட்டர் ரிப்பேர். கடை என் வீட்டுக்காரருடையது. நான் பின்னால் உட்கார்ந்து செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவர் டீ குடிக்கப் போகிற நேரத்தில் வருகிற வண்டிகளைப் பார்த்துத்தான் நான் தொழில் கற்றேன். அவர் நிறைய டீ குடிப்பார். அதனால் சீக்கிரமே நன்றாகக் கற்றுக்கொண்டேன். போகப் போக டிரைவர்கள் அவர் எப்போது டீக்கடைக்குப் போவார் என்று பார்த்து வண்டியைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். டைனமோ அக்கா என்று பேரும் வைத்தார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. டீக்கடையிலிருந்தே, "போ, அக்கா கீது, பார்த்துக்கும்" என்று கையைக் காட்டிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

நான் சொல்ல வந்தது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நடந்தது. அப்போது ஆவடி, அம்பத்தூர் பக்கம் ஏசி கார் என்றாலே ஜனம் நின்று பார்க்கும். அந்த உருண்டை மூக்கு வெள்ளைக் கார்களில்தான் ஏசியை ஏற்றுவார்கள். கார் பிறக்கும்போது ஏசியோடு பிறக்கவில்லை. பிறகு வாங்கி டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டியாகத் தொங்கவிட்டார்கள். அந்தக் காரின் ஆல்டர்னேட்டரோ விளக்குக்கும் ஹாரனுக்கும் மட்டும் கரண்டு கொடுக்கப் பிறந்தது. சின்னக் குடும்பத்துச் சம்பளம். அதில் திடீரென்று ஒரு மாமியாரும் நாத்தனாரும் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? ரோட்டில் வேகமாக ஓடும்போது ஏதோ சமாளிக்கும். நின்றாலோ, ஊர்ந்தாலோ, இன்ஜின் மெதுவாகச் சுற்றும், ஆல்டர்னேட்டரும் மெதுவாகச் சுற்றும், வருகிற கரண்டு பற்றாது. மிச்சத்தை பேட்டரியிலிருந்து உறிஞ்சும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் உங்களுக்குத் தெரியும்.

கஜா என்று ஒரு டிரைவர். சொந்தமாக அப்படி ஒரு கார் வைத்துக் கல்யாணத்துக்கு ஓட்டுவான். ஒரு நாள் காலையில் வந்து நின்றான்.

"இன்னா கஜா, மூஞ்சி தொங்கிகினு கீது?"

"என் மூஞ்சி இல்லக்கா, வண்டி மூஞ்சி. ஏசி போட்டா லைட்டு மங்குது. ஹாரன் அடிச்சா பூனை கத்தற மாரி கத்துது."

பானெட்டைத் தூக்கினேன். உள்ளே ஒரு லாரி பேட்டரி உட்கார்ந்திருந்தது. இடம் பற்றாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தான்.

"இது இன்னாடா, மாட்டைக் கொண்டாந்து கட்டிக்கீற?"

"பெருசா போட்டா தாங்கும்னாங்கக்கா."

"ஏன்டா, தெருக் குழாய்ல சொட்டு சொட்டாத் தண்ணி வர்றப்ப நீ பெரிய குடமா எடுத்துகினு போனா, குழாய் பயந்துகினு ஜாஸ்தி ஊத்துமா?"

அவன் தலையைச் சொறிந்தான். அந்த நேரத்தில்தான் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினாள். முகத்தில் மஞ்சள், கையில் மருதாணி. நலங்கு வைத்த பெண் கிரீஸும் இரும்புத்தூளும் கிடக்கிற கடைக்குள் வந்தால் எப்படி இருக்கும்? எனக்கே கையை எங்கே துடைப்பது என்று தெரியவில்லை.

"கஜா அண்ணன் இங்கதான் இருப்பார்னு சொன்னாங்க," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்கதான் கார் பார்க்கறவங்களா?"

"ஆமா. நீ கல்யாணப் பொண்ணா?"

"ஆமாக்கா. நாளைக்குச் சாயங்காலம் பெண்ணழைப்பு. ப்ளவுஸ் வாங்கப் போறேன்னு அத்தைகிட்டப் பொய் சொல்லிட்டு வந்தேன்."

அவள் பெயர் வள்ளி. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்களாம். அம்மா இல்லை. அப்பாவுக்கு மூச்சுக் கோளாறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வெக்கையும் புகையும் ஆகவே ஆகாது, குளிர்ச்சியில் வைத்தால் தாங்குவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடந்ததோ கத்திரி வெயில் காலம். சொந்தக்காரர்கள் எல்லாம், "அவரு ஊட்லயே கெடக்கட்டும், காலைல தாலி கட்டற நேரத்துக்குக் கூப்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

"எங்கம்மா இருந்திருந்தா அவங்க என் பக்கத்துல உட்கார்ந்து வந்திருப்பாங்க," என்றாள் வள்ளி. "அவங்களும் இல்ல. அப்பாவும் இல்லாம நான் மட்டும் அந்தக் கார்ல எப்படிக்கா உட்காருவேன்? அதான் ஏசி காரா பிடிச்சேன். கண்ணாடியை ஏத்திட்டா பட்டாசுப் புகையும் வராது. வெக்கையும் வராது. நடுவுல ஏசி நிக்காதுன்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

நான் கஜாவைப் பார்த்தேன். அவன் பேட்டரிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, ஊர்வலமா? பாண்டு வாத்தியத்துக்குப் பின்னாடியா? நடை நடையாவா?"

"பிள்ளையார் கோயில்லேர்ந்து மண்டபம் வரிக்கும்தாங்க்கா."

"இதை முன்னாடி சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேக்கலியே."

பாருங்கள், அவன் சொன்னது நியாயம். ஏசி காருக்கு ஊர்வலத்தைப் போல ஒரு சோதனை கிடையாது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும். அந்த நேரம் பார்த்து ஹெட்லைட், மேலே சீரியல் பல்பு, உள்ளே டேப் ரெக்கார்டர், ஏசி எல்லாம் ஒன்றாகக் கரண்டு கேட்கும். கேட்காமல் விட்டிருந்தால், நான் கடை வாசலில் ரேஸ் கொடுத்துப் பார்த்துவிட்டு, "மீட்டர் முள்ளு நல்லா நிக்குது, எடுத்துகினு போ" என்று அனுப்பியிருப்பேன்.

வள்ளி பதிலுக்குக் காத்திருந்தாள். நிற்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் சந்தோஷமாகப் போய் ப்ளவுஸ் வாங்குவாள். பெரிய ஆல்டர்னேட்டருக்குச் சொல்லிவைத்து வாங்கி மாட்ட நேரமில்லை. இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

"நிக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் கண்ணு," என்றேன். "செய்யறதைச் செய்யறேன். அப்புறம் முன் சீட்ல நானும் உட்கார்ந்துகினு வர்றேன். எனக்கும் சோறு உண்டுல்ல?"

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்தது பாதிதான். மீதியை அவள் அப்பா காரை விட்டு இறங்கின பிறகு சிரிப்பாள் என்று தோன்றியது.

அன்று முழுக்க அந்தக் காரோடு கிடந்தேன். பெல்ட்டை மாற்றி இறுக்கினேன். எர்த் ஒயரைச் சுரண்டிச் சுத்தம் பண்ணினேன். ஆல்டர்னேட்டர் கொஞ்சம் வேகமாகச் சுற்றட்டும் என்று பெல்ட் ஓடுகிற புல்லிச் சக்கரத்தைச் சின்னதாகப் பார்த்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் அன்று டீ குடிக்கப் போகவே இல்லை. பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தார். ஊரே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

மறுநாள் சாயங்காலம், முள் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன். பட்டுப்புடவை, மடியில் மீட்டர், அதிலிருந்து இரண்டு ஒயர் டாஷ்போர்டுக்குள் போகிறது. பார்க்கிறவர்களுக்கு என்னைத்தான் சார்ஜ் ஏற்றுகிறார்கள் என்று தோன்றியிருக்கும்.

குவார்ட்டர்ஸ் வாசலில் அண்ணாச்சியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. உட்கார்ந்ததும் காருக்குள்ளிருந்த குளிரை முகத்தில் வாங்கிக் கண்ணை மூடினார்.

"நல்லா இருக்குட்டி," என்றார் மகளிடம். "ஊட்டிக்கா கூட்டிட்டுப் போற?"

பெரிய ரோட்டில் வந்தவரை கவலையே இல்லை. முள் நன்றாக நின்றது. கோயில் வாசலில்தான் எனக்குத் தலை சுற்றியது. அங்கே பூ ஜோடனைக்காரர் தயாராக நின்றிருந்தார். பூந்தமல்லியிலிருந்து வந்த கரீம் பாய். காரின் முன்பக்கம் முழுக்க அடைக்கிற மாதிரி பூவால் ஒரு பெரிய மயில் பின்னி எடுத்து வந்திருந்தார். தோகை விரித்த மயில். நான் பேசுவதற்குள் அதைக் கார் மூக்கில் வைத்துக் கட்டியும் விட்டார். ஜனம் வாயைப் பிளந்து பார்த்தது.

மயில் அழகுதான். ஆனால் கார் மூச்சு விடுகிற இடமே அதுதான். முன்னால் காற்று புகாவிட்டால் ஏசி குளிராது, கம்ப்ரசர் முக்கும், முக்கினால் இன்ஜின் இன்னும் தணியும், அதோடு வோல்டேஜும் தணியும். உள்ளே ஒருத்தருக்கு மூச்சு முட்டாமல் இருக்க வேண்டும் என்றால் வெளியே இதற்கு மூச்சு முட்டக்கூடாது.

இறங்கிப் போய் அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"பாய், மயிலை எடுக்கணும்."

"இன்னாம்மா சொல்ற? ராவெல்லாம் நானும் என் சம்சாரமும் கண்ணு முழிச்சுக் கட்டனது."

"தெரியுது பாய். நான் பார்த்ததுலயே இது மாரி மயில் இல்ல. ஆனா உள்ள பொண்ணோட அப்பா கீறாரு. அவருக்கு மூச்சு இழுக்குது. ஏசி ஓடணும்னா முன்னாடி காத்து போவணும்."

அவர் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். அண்ணாச்சி மகளின் ஜடையிலிருந்து தொங்கிய பூச்சரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். பாய் கத்திரியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வெட்ட மாட்டேன். அவுக்கறேன்," என்றார். "பின்னாடி டிக்கில கட்டிக்கலாம். கல்யாணக் காருக்கு முன்னாடி போறவன் எவன் திரும்பிப் பார்க்கறான்? பின்னாடி வர்ற ஜனம்தான் பார்த்துகினே வரும்."

விரல் நுனியால் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, ஒரு பூ உதிராமல் மயிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் வைத்தார். தொழில்காரன் என்றால் அப்படி இருக்க வேண்டும். தன் வேலை எதற்காக என்று தெரிந்துவிட்டால் தன் வேலையையே அவிழ்க்கிறவன்.

பாண்டு வாத்தியம் ஆரம்பித்தது. சரவெடி வெடித்தது. கார் நகர்ந்தது. ஆமை கூட ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போயிருக்கும். முதல் தெரு பாதி தாண்டவில்லை, கரண்டு பற்றவில்லை என்று காட்டுகிற சார்ஜ் லைட் சிவப்பாகக் கண்ணைத் திறந்தது. முள் இறங்க ஆரம்பித்தது.

"அக்கா, முள் எங்க நிக்குது?" பின்னாலிருந்து வள்ளி.

"நல்லா சாஞ்சு உட்கார்ந்துகினு காப்பி கேக்குதும்மா. நீ வெளில பாரு, எல்லாரும் உன்னைத்தான் பார்க்கறாங்க."

இனிமேல் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். வருகிற கரண்டு பற்றாதபோது, எதை விடுவது என்று முடிவு பண்ணுவதுதான் நம் வேலை. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காப்பாற்ற நினைத்தால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். அந்தக் காரில் காப்பாற்ற வேண்டியது ஒன்றுதான். பின் சீட்டில் இருந்தது.

முதலில் டேப் ரெக்கார்டரை நிறுத்தினேன். வெளியே பாண்டு வாசிக்கும்போது உள்ளே எதற்குப் பாட்டு? அடுத்து சீரியல் பல்பின் ஒயரைப் பிடுங்கினேன். உடனே வள்ளியின் தாய்மாமா ஓடிவந்து என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்.

"லைட்டு போயிருச்சு! லைட்டு இல்லாத பொண்ணு காரா? மாப்பிள வீட்ல இன்னா நெனப்பாங்க?"

கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கினேன்.

"மாமா, உள்ள இப்படி ஒரு பொண்ணு உட்கார்ந்துகினு இருக்கறப்ப எவன் பல்பைப் பார்க்கறான்? நீங்க ஒண்ணு பண்ணுங்க. காஸ் லைட் தூக்கறவங்களை முன்னாடி வுடாம காருக்கு ரெண்டு பக்கமும் வரச் சொல்லுங்க. பொண்ணு மூஞ்சில வெளிச்சம் அடிக்கட்டும். தாய்மாமன் ஏற்பாடுன்னு ஊரே பேசும்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு ஓடினார். தலையில் காஸ் லைட் தூக்கிய பெண்கள் இரண்டு பக்கமும் வந்தார்கள். அந்த வெளிச்சம் போதும் என்று ஹெட்லைட்டையும் அணைத்துவிட்டேன். முள் கொஞ்சம் மூச்சுவிட்டது. ஆனாலும் ஏறவில்லை. கஜாவுக்கு வேர்த்துவிட்டது, ஏசி காருக்குள்ளே.

"க்கா, ரேஸ் குடுத்துகினே போவட்டா?"

"கிளட்ச் கருகிடும். பொண்ணு மேல கருகல் நாத்தம் அடிச்சா நல்லா இருக்குமா? ஓரமா நிறுத்து."

இறங்கிப் போய்ப் பாண்டு மாஸ்டரைப் பிடித்தேன். கன்னம் இரண்டும் பலூன் மாதிரி ஊதியிருந்தது.

"அண்ணாத்தே, நடந்துகினே வாசிக்காதே. தெரு முனைக்கு முனை நின்னு வாசி. நல்லா நின்னு, ஆற அமர. அப்புறம் அடுத்த முனை வரிக்கும் வாசிக்காம வேகமா நடங்க."

"தாயே," என்றார் அவர், "நடந்துகினே ஊதறதுதான் எங்களுக்குக் கஷ்டமே. உனக்கு எந்தச் சாமி சொல்லிச்சு?"

அதிலிருந்து ஊர்வலம் எங்கள் கைக்கு வந்தது. முனையில் பாண்டு நின்று வாசிக்கும். கஜா நியூட்ரலில் வைத்து ரேஸ் கொடுப்பான். அப்போது ஏசியை முழுக்கத் திறந்துவிடுவேன். முள் ஏறும், காருக்குள் குளிர் நிரம்பும். பாட்டு முடிந்து நடக்கிறபோது கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, காற்றாடியை மட்டும் மெதுவாகச் சுற்ற விடுவேன். சேர்த்து வைத்த குளிரில் ஒரு தெரு தாண்டுவோம். அடுத்த முனையில் மறுபடி நிரப்புவோம். ஜனத்துக்கும் சந்தோஷம். நின்று ஆட இடம் கிடைத்தது. தாய்மாமா ஒவ்வொரு முனையிலும் ஆடினார்.

நடுவே டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அண்ணாச்சியைப் பார்ப்பேன். நெஞ்சு ஏறி இறங்குவது சீராக இருந்தது. வள்ளியின் கண் மட்டும் ஜன்னல் பக்கம் போகவே இல்லை. ஒன்று அப்பாவின் நெஞ்சு, இல்லாவிட்டால் என் மடியிலிருந்த மீட்டர். தன் ஊர்வலத்தை அவள் பார்க்கவே இல்லை.

கடைசித் தெரு குறுகல். நிற்க இடமில்லை. பின்னாலிருந்து ஜனம் தள்ளிக்கொண்டு வந்தது. ஊர்ந்து ஊர்ந்து மண்டப வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பேட்டரியில் உயிர் ஊசலாடியது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, அது போதும், இனிமேல் நின்றபடி ரேஸ் கொடுத்தால் ஏறிவிடும் என்று நான் மூச்சைவிட்டேன். ஏசியை முழுக்கத் திறந்தேன்.

வாசலில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்தார்கள். கஜா நல்ல பிள்ளை. கல்யாணக் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆரத்தி வந்தால் வண்டியை அணைத்துவிட்டுக் கை கூப்புவார்கள். ஆரத்தி சுற்றும்போது இன்ஜின் உறுமக்கூடாது, அது மரியாதை இல்லை. எத்தனையோ வருஷப் பழக்கம், அவன் கை தானாகப் போனது. சாவியைத் திருப்பினான். கை கூப்பினான்.

எல்லாம் நின்றது. இன்ஜின், ஏசி, காற்றாடி எல்லாம். பாண்டும் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. நான் வண்டியை எல்லாப் பக்கமும் யோசித்திருந்தேன். அதை ஓட்டுகிறவன் கையின் பழக்கத்தை யோசிக்கவில்லை. பிள்ளைகளே, அந்தக் கையும் வண்டியில் ஒரு பாகம்தான்.

கஜாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. கை மறுபடி சாவிக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்," என்றேன், உதடு மட்டும் அசைய.

"க்கா, ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கறேங்க்கா..."

"கைய எடு நைனா. சாமி கும்புடு. கும்புட்டுகினே இரு."

ஏன் பிடித்தேன் என்று கேளுங்கள். அந்த பேட்டரியில் இன்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் சுற்றாது. சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம் மட்டும் வரும். மறுபடி ஒரு டக். பின்னால் இருக்கிற பெண்ணுக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரிந்துவிடும். அவள் முகத்தைப் பார்த்து அவள் அப்பாவுக்குத் தெரியும். பயந்த மனுஷனுக்கு மூச்சு இரண்டு மடங்கு வேண்டும். வெளியே கற்பூரப் புகை, கதவைத் திறக்க முடியாது. ஆனால் உள்ளே குளிர் இருந்தது. வெயில் அடங்கி இருட்டிவிட்டது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கிறது. ஒரு ஆரத்தி சுற்றி முடிக்கிற நேரத்துக்கு அந்தக் குளிர் தாங்கும், யாரும் பதறாமல் இருந்தால். எதையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதுதான் அப்போது ரிப்பேர். என் வாழ்நாளில் நான் பார்த்த கஷ்டமான ரிப்பேர் அதுதான்.

"எஞ்சின் நின்னுட்டோ?" என்றார் அண்ணாச்சி.

நான் திரும்பாமலே சொன்னேன். "மண்டபம் வந்தாச்சு அண்ணாச்சி. வண்டியும் மரியாதைக்கு நிக்குது."

"நல்லதாப் போச்சு," என்றார். "அது போடுத சத்தத்துல எம் பிள்ள மூக்க உறிஞ்சுதது கேக்கவே இல்ல."

"நான் அழலப்பா."

"அழுதா என்னட்டி? கல்யாணப் பிள்ள அழாம வேற யாரு அழுவா?" கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். கார் அவ்வளவு அமைதியாக இருந்தது. அவர் மூச்சு வந்து போவது எனக்கும் கேட்டது. "ஒண்ணு சொல்லுதேன் கேளு. ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்து நீ என் மூச்சத்தான் எண்ணிக்கிட்டுக் கெடக்க. தூங்குதேன்னு நெனச்சு மூக்குக்கிட்ட கைய வச்சுப் பாக்க. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

"அப்பா..."

"நான் இருக்கப்பட்ட காலம் வரைக்கும் இருப்பேன். நீ எண்ணுததால ஒண்ணும் கூடப் போறதில்ல. நாளையில இருந்து உன் மூச்ச நீ விடு, தாயீ. என் மூச்ச நான் பாத்துக்கிடுதேன்."

வெளியே தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் அசையவில்லை. கஜா கூப்பிய கையைப் பிரிக்காமல் கண்ணை மூடியிருந்தான். அவன் எந்தச் சாமியிடம் என்ன சொன்னானோ.

"கடைசியா ஒரே ஒரு தடவப்பா," என்றாள் வள்ளி. மருதாணி போட்ட கையை அவர் மூக்குக்குக் கீழே கொண்டுபோனாள்.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் மகளின் கையையே பார்த்தார். பிறகு கன்னத்தை உப்பிக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து, "ப்ஃபூ" என்று அவள் கையில் ஊதினார். தீபாவளிக்கு ஊசிப்பட்டாசைப் பற்றவைத்துவிட்டு ஊதுவத்தியை அணைக்கிற மாதிரி ஊதினார். வள்ளி வாய்விட்டுச் சிரித்தாள். நெற்றிச்சுட்டி ஆட, கண்ணில் தண்ணீர் வழிய, முழுச் சிரிப்பு.

வெளியே தட்டைப் பிடித்திருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "பொண்ணு இன்னாடி இப்படிச் சிரிக்குது!" என்று சொன்னது உதட்டசைவிலேயே தெரிந்தது.

ஆரத்தியைக் கொட்டினார்கள். கற்பூரம் அணைந்து புகை விலகியதும் நான் இறங்கிப் பின் கதவைத் திறந்தேன். நாற்காலியில் தூக்கிப் போகிறோம் என்றார்கள். அண்ணாச்சி வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். வள்ளி அவர் நெஞ்சைப் பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே அவளும் நின்றாள். மறுநாள் காலையில் தாலி கட்டும்போது அவர் மணமேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அட்சதை போட்டார்.

அவர்கள் உள்ளே போன பிறகு கஜா சாவியைத் திருப்பிப் பார்த்தான். டக். அவ்வளவுதான்.

"எறங்குக்கா, தள்ளி ஓரம் கட்டிடலாம்," என்றான்.

"போ, ஆளுங்களைக் கூட்டிகினு வா," என்று அனுப்பிவிட்டு நான் மறுபடி உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். காருக்குள் இன்னும் குளிர் மிச்சம் இருந்தது. அது தீர்கிற வரைக்கும் இறங்க எனக்கு மனசு வரவில்லை.